டீச்சர் வாசித்த பியானோவும் கொயர் சிடியும் சேர்ந்து ஓடவில்லை, உதவி தேவை

சிப்புட்_கொயர் | வெள்ளி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் சபையில் தானே வாசிக்கும் பியானோ ஒன்று இருக்கிறது. சுவரோரம் நிறுத்தும் வகை. ஜப்பானில் யாரோ ஒருவர் வீட்டில் இருந்து கைமாறி வந்தது, 2005-ல் சபையார் காசு சேர்த்து வாங்கினோம். கட்டைகளுக்குக் கீழே ஒரு பெட்டி, அதில் ஃப்ளாப்பிக்கு ஒரு வாய், சிடிக்கு ஒரு தட்டு.

2006-ல் எங்கள் கொயர் (பாடகர் குழு) ஈப்போவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாடியது. குரல்கள், தபேலா, வயலின் மட்டும். பியானோ டீச்சருக்குக் காலில் வீக்கம், வேனில் ஏற முடியவில்லை. சிடி வந்த பிறகு அதைப் பியானோவின் தட்டிலேயே போட்டு, கேட்டுக்கொண்டே தன் பகுதியை வாசித்தார். பியானோ அதை ஃப்ளாப்பியில் பதிந்துகொண்டது. அன்றிலிருந்து சிடியை ஓடவிட்டால் கொயர் ஸ்பீக்கரில் பாடும், கட்டைகள் தாமாக இறங்கி ஏறும். நான் அப்போது ஞாயிறு பள்ளிப் பிள்ளை. முன் பெஞ்சில் உட்கார்ந்து கட்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

டீச்சர் போன வருடம் இறந்துவிட்டார். இந்த வருடக் கிறிஸ்மஸுக்கு அவர் வாசித்ததை மறுபடி ஓடவிட வேண்டும் என்று சபையார் கேட்கிறார்கள். சிடி தட்டு எப்போதோ செத்துவிட்டது. இத்தனை வருடம் ஈரத்தில் கிடந்த இயந்திரம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஃப்ளாப்பி மட்டும் இன்னும் ஓடுகிறது. எங்களிடம் இருப்பது சிடியின் நகல் ஒன்று. அதை வேறு பிளேயரில் போட்டு, ஒன்று இரண்டு மூன்று எண்ணி இரண்டு பேர் இரண்டு பொத்தானையும் அமுக்கிப் பார்த்தோம். ஒரு தடவை பியானோ முந்துகிறது, மறு தடவை பிந்துகிறது. சரியாகத் தொடங்கிய ஒரே தடவையும் கடைசிச் சரணத்தில் பிரிந்துவிட்டது. பாடல் 4 நிமிடம் 12 வினாடி.

இதைச் சேர்க்க வழி உண்டா?

செம்பனை_தம்பி | வெள்ளி, இரவு 9.40

அக்கா, எதற்கு இவ்வளவு சிரமம்? பியானோவைத் தனியாக ஓடவிட்டு நல்ல மைக் வைத்துப் பதிவு பண்ணுங்க. கம்ப்யூட்டரில் கொயர் சிடியோடு சேர்த்து ஒரே ஃபைல் ஆக்கிடலாம். ஒரு மணி நேர வேலை. அன்றைக்கு ஸ்பீக்கரில் போட்டால் முடிந்தது.

சிப்புட்_கொயர் | வெள்ளி, இரவு 9.58

தம்பி, அப்படியும் யோசித்தோம். ஆனால் ஸ்பீக்கரில் வரும் பியானோவை யாரும் கேட்கவில்லை. டீச்சரின் தங்கை 80 வயதுக்காரர், அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அக்கா அமுக்கின மாதிரியே கட்டை அமுங்கணும், நான் பக்கத்துல உட்காரணும்." அதற்காகத்தான்.

கூலிம்_சவுண்ட் | வெள்ளி, இரவு 11.05

தங்கச்சி, நான் கோயில் திருவிழா, கல்யாண மண்டபம் என்று 25 வருடமாக சவுண்ட் வேலை செய்கிறேன். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் தலை சுற்றும்.

முதலாவது, தொடக்கத்திலேயே உள்ள இடைவெளி. பாட்டு முழுக்க அது மாறாது. அரை வினாடி பிந்தித் தொடங்கினால் கடைசி வரை அதே அரை வினாடி.

இரண்டாவது, நழுவல். தொடக்கத்தில் சேர்ந்து, போகப்போகப் பிரிவது. இரண்டு இயந்திரத்தின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்று அர்த்தம். பொத்தானை எவ்வளவு சரியாக அமுக்கினாலும் இது போகாது.

முன்பு சரியாக ஓடியதற்குக் காரணம், சிடி பியானோவுக்குள்ளேயே சுற்றியது. சிடியில் ஒலி வினாடிக்கு 75 துண்டாக வெட்டி எழுதப்பட்டிருக்கும், ஒவ்வொன்றிலும் ஒலியை அளந்து எழுதிய 588 எண்கள், அதாவது மாதிரிகள், பெருக்கினால் வினாடிக்கு 44,100. எந்தத் துண்டு ஓடுகிறது என்பது எப்போதும் தெரியும் என்பதால் பியானோ அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு போக முடியும். இப்போது நீங்கள் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டீர்கள். இரண்டும் தனித்தனியாக நடக்கின்றன.

ஒரு கம்ப்யூட்டர்தான் மருந்து. சிடியின் ஒலியும் ஃப்ளாப்பியின் மிடித் தகவலும் (எந்தக் கட்டை எப்போது, எவ்வளவு பலமாக அமுங்கியது என்ற குறிப்பு) ஒரே மென்பொருளுக்குள் வர வேண்டும். அங்கிருந்து மிடி கேபிள் வழியாகப் பியானோவுக்கு, ஒலி கேபிள் வழியாக ஸ்பீக்கருக்கு. ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், அது தன் பங்குக்கு 0.1, 0.2 வினாடி தாமதம் சேர்க்கும்.

இதையெல்லாம் தொடும் முன் முதல் வேலை ஃப்ளாப்பியைக் காப்பாற்றுவது. மூலையில் உள்ள சின்னக் கதவை நகர்த்தி ஓட்டையைத் திறந்து வையுங்கள், திறந்திருந்தால் அதன் மேல் எழுத முடியாது. கம்ப்யூட்டரில் போட்டதும் "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்டால் கை நடுங்கினாலும் ஆமாம் சொல்லாதீர்கள். பழைய பியானோக்கள் பலவற்றில் 720 கிலோபைட் ஃப்ளாப்பிதான். இப்போது கிடைக்கும் யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் சில அதைப் படிக்காது, விசாரித்து வாங்குங்கள்.

பழைய_கிராணி | சனி, காலை 6.30

அம்மா, உன் கேள்வியைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. நான் தோட்ட ஆபீஸில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவனாக இருந்தவன். துரைமார் கிளப்பில் ஒரு பியானோ இருந்தது, ஓட்டை போட்ட காகிதச் சுருள் மாட்டி மிதியை மிதித்தால் வாசிக்கும். அன்று பிடித்த பைத்தியம் எனக்கு இன்னும் விடவில்லை.

ஒரு எச்சரிக்கை சொல்ல வந்தேன். தானியங்கிப் பியானோவுக்கென்று விற்கும் சிடிகள் வேறு வகை. அமெரிக்காவில் 1900-லிருந்து காகிதச் சுருள் செய்த கியூஆர்எஸ் நிறுவனமும், பியானோடிஸ்க் நிறுவனமும் கண்டுபிடித்த வழி இது: ஸ்டீரியோவின் ஒரு பக்கத்தில் பாட்டு, மறு பக்கத்தில் பியானோவுக்கான கட்டளைகள் ஒலியாக மாற்றப்பட்டு. சாதாரணப் பிளேயரில் போட்டால் அந்தப் பக்கம் ஃபேக்ஸ் மெஷின் போலக் கத்தும். அதில் நேரப் பிரச்சினையே கிடையாது, பாட்டும் கட்டளையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஆனால் அதை எம்பி3 ஆக்கினால் போச்சு. காதுக்குத் தேவையில்லாதது என்று அந்த மென்பொருள் எறிவதில் பியானோவின் கட்டளையும் போய்விடும்.

யமாஹாவின் தானே வாசிக்கும் பியானோவான டிஸ்க்ளேவியர் 1987-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. பிறகு அவர்கள் கொண்டுவந்த பியானோஸ்மார்ட் முறை இன்னொரு வழி. கடையில் விற்கும் சாதாரண சிடி அப்படியே இருக்கும், பியானோவின் பகுதி மட்டும் தனி ஃபைலில். உன் டீச்சர் செய்ததும் அந்த மாதிரிதான் தெரிகிறது. இதில் சிடி எது என்பது முக்கியம். அதே பாட்டு, வேறு பதிப்பு என்றால் தொடக்க மௌனம் கால் வினாடி கூடக்குறைய இருந்தாலும் பியானோ ஏமாந்துபோகும். நகல் என்றாயே, அது யார் செய்தது, எதிலிருந்து செய்தது? அதைக் கேள்.

சிப்புட்_கொயர் | புதன், இரவு 10.20

கூலிம் அண்ணா சொன்னபடி செய்தேன். ஈப்போவில் பழைய கம்ப்யூட்டர் கடையில் 40 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஃப்ளாப்பி டிரைவ் கிடைத்தது. ஃப்ளாப்பியைப் படித்தது! அப்படியே இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டேன். ஃபைலைச் சாதாரண மிடியாக மாற்றி, சிடி நகலின் ஒலியையும் கொண்டுவந்து, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் தவறுகிறது, அதுவே எனக்குச் சந்தோஷம். போனில் பதிவு செய்து அளந்தேன். பியானோ பிந்துவது: தொடக்கத்தில் 0.5 வினாடி, நடுவில் 0.9, கடைசியில் 1.4.

கிராணி ஐயா, நகல் எப்படி வந்தது என்று இன்னும் தெரியவில்லை. விசாரிக்கிறேன்.

கூலிம்_சவுண்ட் | புதன், இரவு 11.48

அருமை தங்கச்சி. இப்படி அளந்து எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தொடக்கத்து 0.5 கோளாறே இல்லை, வேண்டுமென்றே வைத்தது. ஒவ்வொரு கட்டையின் பின்பக்கமும் ஒரு மின்காந்தம் இருக்கிறது, அதுதான் கட்டையை உதைக்கிறது. பலமாக அடிக்கும் சுரத்துக்குச் சுத்தியல் சட்டென்று கம்பியைத் தொடும், மெதுவாக அடிக்கும் சுரத்துக்கு மெல்லப் போகும். கட்டளை வந்த நொடியே எல்லாவற்றையும் உதைத்தால் மெல்லிய சுரங்கள் எல்லாம் பிந்திப் பிந்தி ஒலிக்கும். அதனால் டிஸ்க்ளேவியர் போன்ற பியானோக்கள் வெளியிலிருந்து வரும் மிடியை 500 மில்லிவினாடி பிடித்து வைத்துக்கொண்டு, எந்தச் சுரத்தை எப்போது உதைத்தால் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டு விடுகின்றன. அந்தத் தாமதத்தை நிறுத்தவும் வசதி இருக்கும், நீங்கள் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் டீச்சரின் மெல்லிய தொடுதல்தான் முதலில் கெடும். அதற்குப் பதிலாகக் கொயரை அரை வினாடி காக்க வையுங்கள். ஒலியின் தலையில் 22,050 மாதிரி மௌனம் சேர்த்தால் சரியாக அரை வினாடி.

என்னை உறுத்துவது அடுத்த எண்தான். அதற்கு மேல் 0.9 வினாடி நழுவியிருக்கிறது. 252 வினாடிக்கு 0.9 என்றால் 0.36 விழுக்காடு. மின்னணுக் கடிகாரம் இவ்வளவு தவறாது. பத்து லட்சத்தில் 100 தவறினாலும் 252 வினாடிக்கு 0.025தான் வரும், காதுக்கே தெரியாது. அதோடு முதல் பாதியில் 0.4, அடுத்த பாதியில் 0.5. ஒரே சீராகக்கூட நழுவவில்லை. இப்படி நடப்பது ரப்பர் பெல்ட் போட்ட இயந்திரம். உங்கள் நகல் நடுவில் எங்கோ ஒரு கேசட் வழியாக வந்திருக்கிறது.

செம்பனை_தம்பி | வியாழன், காலை 7.15

கேசட் என்றாலும் பரவாயில்லையே அண்ணா. ஒலியை அங்கங்கே இழுத்துச் சுருக்க மென்பொருள் இருக்கு. இல்லாவிட்டால் பியானோ சுரங்களையே தாளக் கட்டத்தில் ஒட்டவைத்துவிடலாம், ஒரே கிளிக். எல்லாம் நேராகிடும்.

ஈப்போ_ட்யூனர் | வியாழன், மதியம் 1.05

தம்பி, கோபப்படாமல் கேள். தாளக் கட்டத்தில் ஒட்டவைக்கும் அந்த ஒரு கிளிக்கை மட்டும் செய்யக் கூடாது.

அந்தப் பியானோவுக்குச் சுருதி சேர்த்தவன் நான்தான், பலமுறை. டீச்சர் வாசிப்பைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். கீர்த்தனையில் அடி முடியும் இடத்தில் அவர் இடது கை ஒரு மயிரிழை தாமதமாகத்தான் விழும். ஒரு நாளும் முந்தாது. இயந்திரம் கணக்குப் போட்டால் அதைத் தவறு என்று நினைத்து நேராக்கிவிடும். நேராக்கிய பிறகு அங்கே வாசிப்பது யார்?

இயந்திரத்தால் வந்த நழுவலை எடுங்கள். விரலால் வந்ததைத் தொடாதீர்கள்.

அம்மா, இன்னொன்று. அது ஜப்பான் வீட்டுக்குச் செய்த பியானோ, அங்கே மின்சாரம் 100 வோல்ட். நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகிறதா பார். இடி மழை வந்தால் பிளக்கைப் பிடுங்கி வை. மழைக்காலம், சொல்ல வேண்டியதில்லை.

கிள்ளான்_ஆல்டோ | வியாழன், இரவு 8.31

இதில் எழுதவே ஒரு கணக்கு இப்போதுதான் திறந்தேன். என் மகள் இந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பினாள்.

நான் அந்தக் கொயரில் ஆல்டோ, பெண்களின் கீழ்க்குரல், பாடினவள். தோட்டத்தில் பால்மரத்தை (ரப்பர்) வெட்டிச் செம்பனை போட்ட பிறகு எங்கள் லயத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின, நாங்கள் கிள்ளானுக்கு வந்துவிட்டோம். வரும்போது ஸ்டூடியோ கொடுத்த சிடியை நான்தான் கேட்டு வாங்கி வந்தேன். சபைக்கு ஒரு நகல் வேண்டுமே என்று, என் வீட்டுக்காரர் காரில் கேட்க எடுத்து வைத்திருந்த கேசட்டிலிருந்து ஒருவர் சிடி அடித்துக் கொடுத்தார். அப்போது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ட்யூனர் ஐயா இடது கையைப் பற்றி எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். அது தாமதம் இல்லை ஐயா. எங்கள் மூச்சுக்காகக் காத்திருப்பார். பாதிப் பேர் காலையில் பால் வெட்டிவிட்டு வந்து பாடுகிறவர்கள், நீண்ட அடியை ஒரே மூச்சில் இழுக்க முடியாது. டீச்சர் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. கையால் இடம் கொடுப்பார்.

சிடி என்னிடம் இருக்கிறது, பீரோவில் துணிக்குள். எப்படி அனுப்ப வேண்டும், வாட்ஸ்அப்பில் போடவா?

சிப்புட்_கொயர் | வியாழன், இரவு 8.44

அக்கா!! எனக்கு உங்களை ஞாபகம் இருக்கிறது. பச்சைப் புடவை, இரண்டாவது வரிசை. டீச்சர் காத்திருந்தது உங்களுக்காக என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

கூலிம்_சவுண்ட் | வியாழன், இரவு 9.02

அக்கா, வாட்ஸ்அப் வேண்டாம், அது ஒலியை நசுக்கிவிடும். எம்பி3 ஆகவும் மாற்ற வேண்டாம், அதில் தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் தானாக ஒட்டிக்கொள்ளும், நமக்கு இருக்கிற கணக்கே போதும். தட்டையே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பூஞ்சணம் இருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. வெயில் படாமல் வையுங்கள், ஸ்டூடியோவில் அடித்த தட்டின் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும்.

சிப்புட்_கொயர் | அடுத்த வியாழன், இரவு 10.50

சிடி வந்தது. ஓரத்தில் ஒரு கீறல், ஆனால் பாட்டு முழுக்கப் படித்துவிட்டது. ஒலியை நசுக்காத வேவ் ஃபைலாகவே எடுத்தேன்.

அளந்தேன். பியானோ பிந்துவது: தொடக்கத்தில் 0.50, நடுவில் 0.51, கடைசியில் 0.52.

அவ்வளவுதான். கொயருக்கு முன்னால் அரை வினாடி மௌனம் சேர்த்து ஓடவிட்டேன். இரவு பத்து மணிக்கு வாசல் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்டேன். சேர்ந்தது.

ஆனால் ட்யூனர் ஐயா, ஒரு சந்தேகம். நேரம் சேர்ந்துவிட்டது, சுருதி முன்பைவிட மோசமாகக் கேட்கிறது. நகலில் இவ்வளவு உறுத்தவில்லை. நான் ஏதாவது கெடுத்துவிட்டேனா?

ஈப்போ_ட்யூனர் | வெள்ளி, காலை 9.20

கெடுக்கவில்லை அம்மா. நேற்று வந்து பார்த்தபோதே குறித்துக்கொண்டேன்: நடு ஸ்தாயியில் "ஏ" சுரம் 443 ஹெர்ட்ஸில் நிற்கிறது, 440-ல் இருக்க வேண்டியது. ஈரம் ஏறினால் ஒலிப்பலகை உப்பி மேலே தள்ளும், கம்பி இறுகும், சுருதி ஏறும். நம் ஊரில் மூடிவைத்த மண்டபத்தில் இதுதான் நடக்கும். 3 ஹெர்ட்ஸ் என்றால் ஏறக்குறைய 12 சென்ட் (பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளின் இடைவெளியை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட்).

அந்தக் கேசட் நகல் 0.36 விழுக்காடு வேகமாக ஓடியது என்று கூலிம் தம்பி கணக்குப் போட்டாரே, அதனால் கொயரின் குரலும் 6 சென்ட் ஏறியிருந்தது. பியானோவும் ஏறி, நகலும் ஏறி, இரண்டும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன. இப்போது கொயர் தன் உண்மையான சுருதிக்கு இறங்கிவிட்டது, பியானோ மேலேயே நிற்கிறது. கொயரின் வயலின் 440-ல்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது, கேட்டுப் பார்த்தேன்.

இரண்டு முறை வருகிறேன். முதல் முறை மொத்தமாக இறக்க, கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் முன்பு நுணுக்கமாகச் சேர்க்க. நடுவில் யாரும் மண்டபத்தில் ஏர்கண்டிஷன் போட்டு விளையாடக் கூடாது. போட்டால் விழா வரை ஒரே மாதிரி போட வேண்டும். கூலி வேண்டாம்.

கூலிம்_சவுண்ட் | வெள்ளி, காலை 10.10

ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது தங்கச்சி? மேடை மேலே என்றால் கீழே கொண்டுவாருங்கள். ஒலி ஒரு மீட்டர் நகர ஏறக்குறைய 3 மில்லிவினாடி. பியானோ ஒரு மூலை, ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளி என்றால் ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒவ்வொரு நேரம் கேட்கும், நாம் பட்ட பாடு வீண். பியானோ பக்கத்திலேயே, கொயர் நிற்கும் உயரத்தில்.

சிப்புட்_கொயர் | திங்கள், இரவு 11.30

ஒத்திகை முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். ட்யூனர் ஐயா இன்று காலை இரண்டாம் முறை வந்து சேர்த்துவிட்டுப் போனார். செம்பனை தம்பி தெலுக் இந்தானிலிருந்து பைக்கில் வந்து கேபிள் எல்லாம் இழுத்துக் கொடுத்தான், ரொம்ப நன்றி தம்பி.

டீச்சரின் தங்கை பியானோ பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். நடு இடத்தை விட்டுவிட்டு. பாட்டு தொடங்கியது, கட்டைகள் இறங்கின. அவர் கட்டைகளைத் தொடவில்லை, கையை மடியிலேயே வைத்திருந்தார். இரண்டாவது சரணத்தில் அந்த நீண்ட அடி வந்தது. ஸ்பீக்கரில் எல்லாரும் மூச்சு வாங்குவது கேட்டது, இடது கைக் கட்டைகள் காத்திருந்தன. பாட்டி தலையை ஆட்டி, "ம், இப்போ" என்றார். கட்டைகள் இறங்கின.

கிள்ளான் அக்கா, விழாவுக்கு முதல் நாள் ரயிலில் வந்துவிடுங்கள், ஸ்டேஷனுக்குத் தம்பியை அனுப்புகிறேன். உங்கள் சிடியைக் கையில்தான் கொடுப்பேன், தபாலில் போட மனம் வரவில்லை.